கிடா வெட்டுல கோக்குல கரைஞ்சு போன 12 வருசம்



போன தடவை தென்னையில வெள்ளை ஈ பத்தி எழுதினேன். இந்தத் தடவை சரக்கு பத்தி எழுதப் போறேன். மூஞ்சியச் சுளிக்கிறவங்க இப்பவே போயிடலாம், கோவிச்சுக்க மாட்டேன். குடிக்காதவங்க குடிக்காமயே இருங்க, அதுதான் உடம்புக்கு நல்லது. இது குடிக்கச் சொல்லி எழுதினது இல்லை. ஏற்கெனவே குடிச்சிட்டு, என்ன குடிக்கிறோம்னே தெரியாம பெருமை மட்டும் பேசிட்டு இருக்கிற ஆளுங்களுக்கு எழுதினது. அதுல மொத ஆளு என் மச்சினன்.

போன மாசம் குலதெய்வம் கோயில்ல கிடா வெட்டு. என் அக்கா மகன் ஸ்காட்லாந்துல அபர்தீன் ஊர்ல வேலை பாக்குறான். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வரும்போது மாமனுக்குன்னு ஒரு பாட்டில் கொண்டாருவான். இந்தத் தடவை 12 வருசம் பீப்பாயில இருந்த சிங்கிள் மால்ட். சொந்தக்காரங்க எல்லாம் கூடியிருக்காங்களே, ஆளுக்கு ரெண்டு வாய் ருசி பாக்கட்டும்னு நான்தான் கோயிலுக்கு எடுத்துட்டுப் போனேன். அதுதான் நான் பண்ணின தப்பு.

டவுன்ல ரியல் எஸ்டேட் பண்ற என் மச்சினன் பாட்டிலை வாங்கினான். மொதல்ல அட்டைப்பெட்டியோட செல்ஃபி எடுத்தான். அப்புறம் பிளாஸ்டிக் டம்ளர்ல பாதி ஊத்தி, மேல கோக்கை ஊத்தி, ஐஸ் போட்டு வரிசையா நீட்டினான். பத்தே நிமிசம், பாட்டில் காலி. நான் என் பங்கை ஒரு கண்ணாடி டம்ளர்ல ஊத்தி, நாலு சொட்டு தண்ணி விட்டு மோந்து பாத்துட்டு உக்காந்திருந்தேன். அதைப் பாத்துட்டுக் கேட்டானே ஒரு கேள்வி.

"ஏன் மாமா, பால் கெட்டுப் போச்சான்னு பாக்குறீங்களா? தோட்டத்துல தண்ணி கட்டுற ஆளுக்கு எதுக்கு மாமா இந்த சிங்கிள் மால்ட்டு? இதெல்லாம் கோட்டு போட்டவன் குடிக்கிறது!"

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சுட்டேன். சாமி கும்புட வந்த எடத்துல என்னத்தப் பேசுறது? ஆனா அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. மாப்ள, உனக்குத்தான் இந்தப் பதில். பொறுமையா படி.

மால்ட்னா என்னன்னு மொதல்ல தெரிஞ்சுக்க. கொழந்தைக்கு ராகி மால்ட் காச்சுறோமே, அந்த மால்ட்தான். தானியத்தை நனைச்சு, முளை கட்டி, முளை நீளமா வளர்றதுக்குள்ள காயவெக்கிறது. முளைக்கும்போது விதைக்குள்ள இருக்கிற மாவுச்சத்து சர்க்கரையா மாறத் தயாராகுது. அவங்க ராகிக்குப் பதிலா பார்லியில இதைப் பண்றாங்க. காஞ்ச முளைப்பயிரை உடைச்சு, சுடுதண்ணி ஊத்தி இனிப்புத் தண்ணிய வடிச்சு எடுக்குறாங்க. அதுல ஈஸ்ட் போட்டுப் புளிக்க வெச்சு, செம்புக் கொப்பரையில பெரும்பாலும் ரெண்டு தடவை காய்ச்சி, ஓக் மரப் பீப்பாயில ஊத்தி வெக்கிறாங்க. அவ்வளவுதான் சங்கதி. பார்லி, தண்ணி, ஈஸ்ட். வடிச்ச சக்கை அங்க மாட்டுக்குத் தீவனமா போகுது. நான் எள்ளுப் புண்ணாக்கு வெக்கிற மாதிரி அங்க இருக்கிற சம்சாரி அந்தச் சக்கைய வெக்கிறான். இதுல கோட்டு போட்டவன் எங்கடா வந்தான்?

'சிங்கிள்'னா ஒத்தைன்னு அர்த்தம். ஒரே பீப்பாய்னு நிறைய பேர் நெனச்சுக்கிறாங்க, அது இல்லை. ஒரே காய்ச்சுற ஆலையில இருந்து வந்ததுன்னு அர்த்தம். பல ஆலை மால்ட்டையும் வேற தானியத்துல காய்ச்சினதையும் கலந்தா அது பிளெண்டட். நம்ம ஊர்ல பெரிய விசேசத்துல தலைகாட்டுற பிளாக் லேபிள் அப்படிப்பட்ட கலவைதான். கலவைன்னா மட்டம்னு சொல்லலை. ஆனா அதைக் கையில வெச்சுக்கிட்டு 'சிங்கிள் மால்ட் அடிக்கிறேன்'னு சொல்லாதீங்க, அது வேற இது வேற.

இந்தப் பேருக்கு அங்க சட்டமே இருக்கு. 2009ல போட்ட ஸ்காட்ச் விஸ்கி விதிமுறை. சிங்கிள் மால்ட்னா முளைகட்டிய பார்லியில மட்டும்தான் காய்ச்சணும். ஸ்காட்லாந்துலயே, 700 லிட்டருக்கு மேல போகாத ஓக் பீப்பாயில, குறைஞ்சது 3 வருசம் இருக்கணும். 40 சதவீதத்துக்குக் கீழ இறக்கி பாட்டில்ல அடைக்கக் கூடாது. தண்ணியும், நிறத்துக்குக் கருக்கின சர்க்கரையும் தவிர வேற எதையும் சேக்கக் கூடாது. 2012 கடைசியில இருந்து பாட்டில்ல அடைக்கிறதும் ஸ்காட்லாந்துக்குள்ளயேதான் நடக்கணும். ஒரு சாராயத்தோட பேரைக் காப்பாத்த ஒரு நாடு எவ்வளவு தூரம் மெனக்கெடுது பாருங்க.

சரி, இதைக் காய்ச்சினது யாரு? குடியானவன்தான். 1494லயே ஒரு பாதிரியாருக்குச் சாராயம் காய்ச்ச மால்ட் குடுத்ததா அரசாங்கக் கணக்குல எழுதி வெச்சிருக்காங்க. அப்புறம் நூத்துக்கணக்கான வருசமா அறுவடை முடிஞ்சு மிஞ்சின பார்லிய, குளிர்காலத்துல, வீட்டுக்குப் பின்னாடி காய்ச்சினவன் எல்லாம் சின்னச் சின்ன குத்தகை விவசாயி. தானியமா வெச்சா பூஞ்சை புடிக்கும், எலி திங்கும். காய்ச்சி வெச்சா குத்தகைப் பணம் கட்ட உதவும். சக்கை மாட்டுக்கு. நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு.

அரசாங்கம் வந்து வரி மேல வரி போட்டுச்சு. 18ஆம் நூற்றாண்டு கடைசியில வீட்டுல காய்ச்சுறதே குத்தம்னு ஆயிருச்சு. நின்னுச்சா? நிக்கலை. மலைக்குள்ள போயிருச்சு. ராத்திரியில காய்ச்சினான், குதிரை மேல ஏத்திக் கடத்தினான். அதிகாரி வந்தா கொப்பரையத் தூக்கிட்டு ஓடினான். கடைசியில அரசாங்கமே எறங்கி வந்து 1823ல ஒரு சட்டம் போட்டுச்சு. உரிமம் வாங்க 10 பவுண்டு கட்டு, காய்ச்சுறதுக்கு ஏத்த வரியக் குடு, வெளிச்சத்துல காய்ச்சுன்னு. அடுத்த வருசமே, 1824ல, கிளென்லிவெட் பள்ளத்தாக்குல ஜார்ஜ் ஸ்மித்னு ஒரு குத்தகை விவசாயி உரிமம் வாங்கினார். அக்கம்பக்கத்துல திருட்டுத்தனமா காய்ச்சினவங்களுக்கு ஆத்திரம், ஆலையைக் கொளுத்திருவோம்னு மிரட்டினாங்க. மனுசன் இடுப்புல ரெண்டு கைத்துப்பாக்கி சொருகிக்கிட்டே திரிஞ்சாராம். அவர் ஆரம்பிச்சதுதான் இன்னைக்கு விமான நிலையக் கடையில அடுக்கி வெச்சிருக்கிற கிளென்லிவெட்.

இன்னைக்கும் அப்படி ஆளு இருக்கு. ஸ்காட்லாந்துல ஃபைஃப் பக்கம் டாஃப்ட்மில்னு ஒரு பண்ணை. அண்ணன் தம்பி சேந்து 2005ல காய்ச்ச ஆரம்பிச்சாங்க. சொந்த நிலத்துல விளையுற பார்லி. வருசம் பூரா காய்ச்ச மாட்டாங்க. பண்ணை வேலை சாயுற கோடையில கொஞ்ச நாள், குளிர்காலத்துல கொஞ்ச நாள், அவ்வளவுதான். நடவும் அறுப்பும் வந்தா கொப்பரைய மூடிட்டு நிலத்துக்குப் போயிருவாங்க. மொத பாட்டிலை விக்க 2018 வரைக்கும் காத்திருந்தாங்க. தென்னங்கன்னு வெச்சிட்டு காய்ப்புக்குக் காத்திருக்கிறவனுக்கு அந்தப் பொறுமை புரியும். ரியல் எஸ்டேட்காரனுக்குப் புரியுமா மாப்ள?

இப்ப நான் ஏமாந்த கதைக்கு வர்றேன், அதையும் ஒளிக்காம சொல்லிடணும்.

நாலு வருசம் முன்னாடி எனக்கும் பெட்டி மோகம் இருந்துச்சு. தெரிஞ்ச ஒரு புரோக்கர், 'ஏர்போர்ட் சரக்கு, 18 வருசம், உங்களுக்காக 4,500'ன்னான். தேங்கா வித்த காசு கையில இருந்துச்சு. பெட்டி அப்படியே மின்னுச்சு, தங்க எழுத்து. வாங்கிட்டு வந்து தொறந்தா, மூடி ஏற்கெனவே ஒருக்கா திருகின மாதிரி லொடலொடன்னு இருக்கு. வாசம் பாத்தா வார்னிஷ். ஒரு வாய்க்கு மேல எறங்கலை. காலி பாட்டிலைப் பொறுக்கி உள்ளூர் சரக்கை ஊத்தி மூடினது. என் வீட்டுக்காரி ஒரு வார்த்தைதான் சொன்னா. "ஏனுங்க, வெதை வாங்கப் போனா மூட்டையைக் கிழிச்சு, நாலு வெதைய எடுத்துக் கடிச்சுப் பாத்து வாங்குவீங்களே, இதுக்கு மட்டும் அட்டைய பாத்தாப் போதுமா?" செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு. அன்னையிலிருந்து விதைப் பாக்கெட்டைப் படிக்கிற மாதிரிதான் பாட்டில் லேபிளையும் படிக்கிறேன். தோள்ல தூக்கிட்டு வர்ற புரோக்கர் சரக்கு பக்கமே போறதில்லை.

லேபிள்ல என்ன பாக்கணும்?

மொதல்ல வயசு. 12ன்னு போட்டிருந்தா உள்ள இருக்கிறதுலயே சின்னதுக்கு 12 வயசுன்னு அர்த்தம், பெருசும் கலந்திருக்கலாம். இங்கதான் எல்லாரும் ஏமாறுறாங்க. 12ஐ விட 18 உசத்தி, 18ஐ விட 25 உசத்தின்னு மாட்டுச் சந்தையில பல்லு புடிச்சுப் பாக்குற மாதிரி பாக்குறாங்க. பீப்பாய் நல்லா இல்லைன்னா எத்தனை வருசம் வெச்சாலும் பிரயோசனம் இல்லை. ரொம்ப நாள் வெச்சா மர ருசிதான் மிஞ்சும், பார்லி காணாம போயிரும். மாவடுவை எவ்வளவு நாள் ஊறப்போடணும்னு ஒரு பக்குவம் இருக்குல்ல, அது மாதிரிதான். இன்னொண்ணு, பாட்டிலுக்குள்ள போனதும் வயசு நின்னுரும். பீரோவுல பூட்டி வெச்சு 'பத்து வருசப் பழசு'ன்னு சொல்றதுல அர்த்தமே இல்லை.

ரெண்டாவது பீப்பாய். அமெரிக்காவுல போர்பன் விஸ்கிக்குப் புது ஓக் பீப்பாய்தான் போடணும்னு சட்டம். ஒருக்கா போட்ட பீப்பாயில மறுபடி போர்பன் ஊத்த முடியாது, அதனால அது ஸ்காட்லாந்துக்கு வருது. அதுல இருந்தா வெனிலா, தேன், தேங்காய் மாதிரி வாசம் வரும். தேங்காய் வாசம் எனக்கு ஒடனே புடிபட்டுருச்சு, காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பெயின் ஷெரி ஒயின் பீப்பாயில இருந்தா திராட்சை, பேரீச்சை, கருப்பட்டிப் பாகு மாதிரி இருக்கும். கிளென்ஃபார்க்ளஸ் அந்த ஜாதி. 1865ல இருந்து ஒரே குடும்பத்துக் கையில இருக்கிற ஆலை.

மூணாவது ஊரு. ஸ்பேசைடு பக்கம் பெரும்பாலும் ஆப்பிள், பேரிக்காய், தேன் மாதிரி சாதுவா இருக்கும். கிளென்லிவெட் 12, கிளென்ஃபிடிக் 12 எல்லாம் புதுசா பழகுறவனுக்கு சரியான வாத்தியாருங்க. ஐலாங்கிற தீவுக்குப் போனா ஆட்டமே வேற. முளைப்பயிரைக் காயவெக்க அங்க பீட்டை எரிக்கிறாங்க. பொள்ளாச்சிப் பக்கம் இருக்கிற நமக்கு பீட்னா சொல்லணுமா? தென்னைநார்க் கழிவை 'கோகோ பீட்'னு கட்டியாக்கி ஏத்துமதி பண்றோமே, அந்தப் பேரே இந்த பீட்டுக்கு மாத்தா வந்ததாலதான் வந்துச்சு. சதுப்பு நிலத்துல ஆயிரக்கணக்கான வருசமா பாதி மக்கின பாசியும் செடியும்தான் பீட். அதோட புகை பார்லியில ஏறிக்கும். லஃப்ராய்க் 10ஐ மொதல்ல மோந்தப்ப ஆஸ்பத்திரி ஞாபகம் வந்துச்சு, டிங்க்சர் வாசம். மூணாவது தடவைதான் அடுப்படிப் புகையும் கடல் உப்பும் தெரிஞ்சுது. இப்ப அதுதான் எனக்குப் புடிச்சது. மொத தடவையே அதை வாங்கி, 'மருந்து மாதிரி இருக்கு'ன்னு கீழ ஊத்தினவங்களையும் பாத்திருக்கேன். படிப்படியா போங்க.

நாலாவது நிறம். தயவு பண்ணி நிறத்தைப் பாத்து மயங்காதீங்க. கருக்கின சர்க்கரை சேக்கலாம்னு சட்டமே விட்டிருக்குன்னு மேல சொன்னேனே. பளபளன்னு மஞ்சளா இருக்குன்னு வெல்லம் வாங்கினா என்ன ஆகும்னு நமக்குத் தெரியாதா? கெமிக்கல் போட்டது மின்னும், நல்ல வெல்லம் கருப்பாத்தான் இருக்கும்னு ஊருக்கே உபதேசம் பண்றோம். விஸ்கியில மட்டும் ஏன் நிறத்துக்கு விழுறோம்? இயற்கை நிறம்னு லேபிள்ல போட்டிருந்தா அதை எடுங்க. 46 சதவீதம், அதுக்கு மேலன்னு இருந்தா பெரும்பாலும் ரொம்பக் குளிர வெச்சு வடிகட்டாதது. ருசி கெட்டியா இருக்கும், தண்ணி விட்டா லேசா கலங்கும். பயப்பட வேண்டாம்.

ஒரு உண்மையையும் சொல்லிடணும், இல்லைன்னா நான் ஸ்காட்லாந்துக்குக் கொடி புடிக்கிறேன்னு ஆயிரும். பார்லி ஸ்காட்லாந்துல விளைஞ்சதா இருக்கணும்னு அந்தச் சட்டத்துல எங்கயும் இல்லை. வேற நாட்டுப் பார்லியக் கொண்டாந்து காய்ச்சினாலும் அது ஸ்காட்ச்தான். ஆலைக்காரன் எழுதின சட்டத்துல விவசாயி எங்க இருப்பான்? அது எல்லா ஊர்லயும் ஒண்ணுதான். ஆனா எதுத்து நிக்கிறவங்களும் இருக்காங்க. ஐலாவுல கில்கோமன்னு 2005ல ஒரு பண்ணையில ஆரம்பிச்ச ஆலை, சொந்தமா விளைஞ்ச பார்லியில தனியா ஒரு விஸ்கி போடுது. புரூக்லாடியில எந்தப் பண்ணை, எந்த வருசம்னு விவசாயத்தையே லேபிள்ல போடுறாங்க. பியர்னு ஒரு பழைய நாட்டுப் பார்லி, மகசூல் கம்மி, நம்ம மாப்பிள்ளைச் சம்பா மாதிரி. அதுலயும் காய்ச்சுறாங்க. எனக்கு காசு இருந்தா 25 வருசப் பெட்டிக்கு குடுக்க மாட்டேன், விளைவிச்சவன் பேரு இருக்கிற பாட்டிலுக்குத்தான் குடுப்பேன்.

இனி குடிக்கிற விதம். அடி அகலமா வாய் குறுகலா இருக்கிற சின்னக் கண்ணாடி டம்ளர் போதும். 30 மில்லி ஊத்துங்க. அஞ்சு நிமிசம் சும்மா வைங்க. மூக்கை உள்ள விட்டு இழுக்காதீங்க, எரியும். வாயை லேசா தொறந்துக்கிட்டு மெதுவா மோந்து பாருங்க. ஒரு சின்ன வாய் எடுத்து நாக்குல உருட்டுங்க. அப்புறம் நாலஞ்சு சொட்டு தண்ணி. தண்ணி விட்டா வேற வாசமே எழும்பும். 'சிங்கிள் மால்ட்ல தண்ணி ஊத்துறது பாவம்'னு ஒரு கும்பல் திரியுது, அது கோக் ஊத்துற கும்பலை விட மோசம். 2017ல ஸ்வீடன்ல விஞ்ஞானிங்க கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு, தண்ணி சேக்கும்போது புகை வாசம் குடுக்கிற ஒரு பொருள் மேல்மட்டத்துக்கு வருதுன்னு சொல்லியிருக்காங்க. ஆலையிலயே தண்ணி சேத்துத்தான் பாட்டில்ல அடைக்கிறான், நீ என்ன பெரிய சுத்தக்காரன்? ஐஸ் போட்டா குளிர்ல வாசம் அடங்கிரும், ருசி தெரியாது. சோடா, கோக் ஊத்தித்தான் குடிப்பேன்னா உன் இஷ்டம், ஆனா அதுக்கு எதுக்கு இந்த விலை? ஒரு பாட்டில் காசுல தோப்புக்கு ஒரு டிராக்டர் எரு அடிக்கலாம்.

எனக்கு மாசத்துல ரெண்டு மூணு நாள், மழை பெஞ்ச சாயங்காலம், ஒரே ஒரு 30 மில்லி. ஒரு பாட்டில் ஒன்பது மாசம் வரும். அதுக்கு மேல குடிக்கிறவனுக்கு ருசி எதுக்கு, போதைதான் வேணும். அதுக்கு ஸ்காட்லாந்து தேவையில்லை.

அட, இதோட முடிச்சிருப்பேன். ஆனா மச்சினன் இன்னொண்ணும் சொன்னான். "இனி ஸ்காட்ச் விலை கொறையுது மாமா, அப்புறம் பாருங்க, நம்ம ஊரே சிங்கிள் மால்ட்தான்!" 2025 ஜூலையில இந்தியாவும் பிரிட்டனும் ஒப்பந்தம் போட்டுச்சு. விஸ்கிக்கு 150 சதவீதமா இருந்த இறக்குமதி வரி 75 ஆகி, பத்து வருசத்துல 40க்கு வரணும்னு. சந்தோசம். நானும் வாங்குவேன். ஆனா கொஞ்சம் யோசிங்க.

ஸ்காட்லாந்து சம்சாரியோட பார்லிச் சாராயம் நம்ம ஊருக்குள்ள வர ரெண்டு நாட்டு அரசாங்கம் உக்காந்து பேசுது. நம்ம ஊர்ல 'விஸ்கி'ன்னு பேரு போட்டு விக்கிற மலிவு சரக்குல என்ன இருக்கு? பெரும்பாலும் மொலாசஸ்ங்கிற கரும்பாலைக் கழிவுப்பாகுல எடுத்த ஸ்பிரிட், இல்லைன்னா நொய்யரிசி மாதிரி தானியத்துல எடுத்த ஸ்பிரிட். அதுல கொஞ்சம் மால்ட்டோ, டேங்கர்ல வந்த ஸ்காட்ச்சோ கலந்து, நிறம், வாசனை சேத்து அடைக்கிறது. ஐரோப்பாவுல மொலாசஸ் சரக்கை விஸ்கின்னு சொல்லி விக்கவே முடியாது. நம்மாளுங்களுக்கு நல்லதா காய்ச்சத் தெரியாதா? தெரியும். பெங்களூர் அம்ருத் சிங்கிள் மால்ட் 2004ல ஸ்காட்லாந்து கிளாஸ்கோவுலயே போய் அறிமுகமாச்சு, வடநாட்டு பார்லியில காய்ச்சினது. ஸ்காட்லாந்து குளிர்ல பீப்பாயில இருந்து வருசத்துக்கு 2 சதவீதம் போல ஆவியாகுது. பெங்களூர்ல 10 சதவீதத்துக்கு மேல. அதனால இங்க நாலஞ்சு வருசத்துலயே முத்திரும். வயசு நம்பரைப் பாத்து ஏமாறாதீங்கன்னு சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனா என் வயித்தெரிச்சல் அது இல்லை. என் தோப்புக்கு வாங்க.

எங்கப்பா காலத்துல இந்த ரெண்டு ஏக்கர்ல முப்பது மரத்துல கள்ளு கட்டியிருந்தோம். மரமேறி அண்ணன் விடியக்காலம் பாளை சீவி முட்டி கட்டுவாரு. சுண்ணாம்பு தடவின முட்டியில தெளுவு, தடவாததுல கள்ளு. தேங்கா விலை விழுந்த வருசத்துல அந்த முப்பது மரம்தான் எங்க ஸ்கூல் பீஸ் கட்டுச்சு. 1987 ஜனவரி 1ல தமிழ்நாட்டுல கள்ளுக்குத் தடை வந்துச்சு. நான் பத்தாவது முடிச்சு தோட்ட வேலைக்கு வந்த புதுசு. மரமேறி அண்ணன் முட்டியை எல்லாம் அவுத்து எங்க திண்ணையில அடுக்கி வெச்சிட்டு, கொஞ்ச நாள்ல திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்குப் போயிட்டாரு. அந்தக் கையில இருந்த வித்தைய அவர் மகனுக்குச் சொல்லிக் குடுக்கவே இல்லை. முட்டி ரொம்ப நாள் திண்ணையிலயே கிடந்துச்சு. அம்மா கடைசியில அதுல வெதை போட்டு வெச்சாங்க.

கள்ளுல அஞ்சு சதவீதம் சுத்திதான் போதை. அரசுக் கடையில விக்கிற விஸ்கியில 42.8 சதவீதம். அஞ்சு குத்தம், 42.8 வியாபாரம். எங்க ஊர்ல இருந்து கேரளா எல்லையத் தாண்டினா அதே தென்னை, அதே பாளை, அங்க உரிமம் வாங்கின கள்ளுக்கடை. மரத்துக்கு எல்லை தெரியுமா?

'கள்ளுல கலப்படம் பண்ணுவாங்க, போதை மருந்து கலப்பாங்க, உயிர் போகும்'னு சொல்றாங்க. நியாயமான பயம், நான் இல்லைன்னு சொல்லலை. அப்படி நடந்துமிருக்கு. ஆனா அதுக்கு வழி தடையா? ஸ்காட்லாந்துலயும் மலைக்குள்ள திருட்டுத்தனமா காய்ச்சினப்ப யாரு அளந்து பாத்தா? தடை போட்டு அடக்க முடியலைன்னு தெரிஞ்சுதான் 1823ல உரிமம் குடுத்து, வரி போட்டு, அளந்து, கண்காணிச்சு வெளிச்சத்துக்குக் கொண்டாந்தாங்க. அதுல ஒரு குத்தகை விவசாயி துணிஞ்சு முன்வந்தான். இன்னைக்கு அந்தப் பேரை வெச்சு உலகமே வியாபாரம் பண்ணுது. எத்தனை மரம், யாரு ஏறுறா, எங்க விக்கிறான்னு பதிவு பண்ணு, வாரா வாரம் சோதி, கலப்படம் பண்ணினவனை உள்ள போடு. அதைச் செய்யத் துப்பில்லாம மரத்தைக் கட்டிப்போட்டா என்ன அர்த்தம்?

2017ல நீரா எறக்கிக்கலாம்னு அனுமதி குடுத்தாங்க. நல்லதுதான். ஆனா அதைப் புளிக்காம காப்பாத்த குளிர்பெட்டி, உரிமம், கம்பெனின்னு போயிருது. ரெண்டு ஏக்கர்காரன் என்ன பண்ணுவான்?

ஆக மாப்ள, நீ கேட்டியே, தண்ணி கட்டுற ஆளுக்கு எதுக்கு சிங்கிள் மால்ட்டுன்னு. அது என்னை மாதிரி ஒருத்தன் காய்ச்சினதுடா. அவன் ஊர்ல அவன் சாராயத்துக்கு சட்டம் போட்டு மரியாதை பண்ணினாங்க, எங்கப்பா எறக்கினதுக்கு கேஸ் போட்டாங்க. ஒவ்வொரு தடவையும் டம்ளரை மோந்து பாக்கும்போது எனக்கு அதுதான் ஞாபகம் வருது. நீ அதைக் கோக்குல கரைச்சுட்ட.

மருமகன் அடுத்த தை மாசம் வர்றான். லேபிள்ல பண்ணைப் பேரு இருக்கிற பாட்டிலா பாத்து வாங்கிட்டு வாடான்னு சொல்லியிருக்கேன். நீயும் வா. கண்ணாடி டம்ளர் ரெண்டு எடுத்து வெக்கிறேன். கோக் பாட்டிலோட வந்தா மட்டும் வாசப்படியிலயே நிறுத்திருவேன், உங்கக்கா சொன்னாலும் கேக்க மாட்டேன்.

கரண்டு வந்திருச்சு. மோட்டார் போட்டு கீழ்வாய்க்காலுக்கு தண்ணி திருப்பணும். அடுத்த பதிவுல பாக்கலாம்.